வீட்டில் பதிவு செய்த குரல் ஏன் திரும்பி வருகிறது? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

விளம்பரக் குரல், ஆடியோ புத்தகம், டப்பிங், இணைய வகுப்பு என்று எதற்காக வீட்டில் மைக் வைத்தாலும் பதில் ஒரே மாதிரிதான் வருகிறது: "ஆடியோ சரியில்லை, மறுபடி அனுப்புங்க." என்ன சரியில்லை என்று பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். உடனே ஆன்லைனில் கறுப்பு ஃபோம் வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டுகிறோம். அடுத்த வாரமும் அதே பதில்.

ஃபோம் கெட்ட பொருள் இல்லை. ஆனால் அது ஒரே ஒரு கோளாறைத்தான் தொடும், அதையும் பாதியளவுக்குத்தான். வீட்டுப் பதிவைக் கெடுப்பவை மூன்று: வெளிச்சத்தம் உள்ளே வருவது, நம் குரலே அறைக்குள் மோதித் திரும்புவது, கருவியும் மின்சாரமும் சேர்ந்து போடும் ஓசை. வெளிச்சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும், இண்டு இடுக்கில்லாத அடைப்பு வேண்டும். எதிரொலியை உறிஞ்சக் காற்று புகக்கூடிய தடித்த பஞ்சு வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை. ஃபோமில் எடையே இல்லை என்பதால் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தை அதனால் நிறுத்த முடியாது. மூன்றாவது கோளாறுக்குச் சுவரில் எதை ஒட்டியும் பயனில்லை, ஏனென்றால் அது சுவர் வழியாக வருவதே இல்லை.

1935-இல் டி.ஆர். சுந்தரம் சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவைத் தொடங்கிய காலத்தில் சினிமா எடுக்கவும் குரல் பதியவும் தனி வளாகமே இருந்தது. இன்று அதே ஊரில் குரல் வேலை படுக்கையறைக்கு வந்துவிட்டது. படுக்கையறையை ஸ்டுடியோ ஆக்கவே முடியாது என்று நான் சொல்லமாட்டேன். எந்தக் கோளாறு என்று தெரியாமல் பணத்தைப் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

எதையும் வாங்கும் முன் ஒரு சோதனை

வழக்கமாகப் பேசும் இடத்தில் மைக்கை வையுங்கள். பேசும்போது வைக்கும் அதே கெயினில் (மைக் ஒலியை ஏற்றி வைக்கும் அளவு), அரை நிமிடம் வாயைத் திறக்காமல் ரெக்கார்ட் செய்யுங்கள். அப்புறம் அரை நிமிடம் ஏதாவது படியுங்கள். கடைசியாக ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். மூன்றையும் காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் லாரி உறுமலும் மின்சார ஹம்மும் கேட்கவே கேட்காது, அவ்வளவு கீழ் ஒலியை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் எழுப்ப முடியாது.

பேசாமல் இருந்த பகுதியில் ஓசை இருக்கிறதா? லேப்டாப்பை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள், இல்லையென்றால் சோதனையே வீண். மறுபடி அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். ஓசை போய்விட்டால் அது உங்கள் வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது: ஃபேன், ஃப்ரிட்ஜ், சார்ஜர், இன்வெர்ட்டர். போகவில்லை என்றால் வெளியிலிருந்தோ, லேப்டாப், மைக் போன்ற கருவியிலிருந்தோ வருகிறது. பேசாத பகுதி சுத்தமாக இருந்து, படித்த பகுதி மட்டும் காலி மண்டபத்தில் பேசியது போல இருந்தாலோ, கைதட்டல் 'டக்' என்று நிற்காமல் 'டஞ்ஞ்' என்று இழுத்தாலோ, அது அறையின் எதிரொலி.

எண்ணில் பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு நல்ல அளவுகோல், ஆடிபிளின் ஏசிஎக்ஸ் தளம் ஆடியோ புத்தகங்களுக்கு வைத்திருக்கும் வரம்பு. இதில் பூஜ்யம்தான் பதிவு தாங்கும் உச்சம், அதற்குக் கீழே எல்லாம் மைனஸ். குரலின் சராசரி மைனஸ் 23 முதல் மைனஸ் 18 டெசிபலுக்குள், உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டாமல், பேசாத இடத்தின் ஓசை மைனஸ் 60-க்குக் கீழே. இதில் பலர் தவறவிடும் விஷயம், குரலை அந்த அளவுக்கு ஏற்றிய பிறகுதான் ஓசையை அளக்க வேண்டும். குரலை 15 டெசிபல் ஏற்றினால் ஓசையும் 15 ஏறும்.

"காலி அறையில் பேசுவது போல இருக்கிறது"

நம் ஊர் அறைகளின் பொதுவான கோளாறு இதுதான். கான்கிரீட் கூரை, சிமென்ட் பூச்சு, வழவழப்பான டைல்ஸ் தரை. ஒலி எங்கே மோதினாலும் அப்படியே திரும்புகிறது. வெளிநாட்டு வீடியோக்களில் துணி அலமாரி அறைக்குள் போய்ப் பேசச் சொல்வார்கள். நம் வீடுகளில் அந்த அறை இருக்காது, இரும்பு பீரோதான் இருக்கும். அதன் கதவு நம் குரலுக்குத் தானும் சேர்ந்து அதிரும். பீரோவின் பக்கத்தில் மைக் வைக்காதீர்கள், வேறு வழியில்லை என்றால் அதன் முகத்தை ஒரு தடித்த ரஜாயால் மூடுங்கள். பூஜை அறை சின்னதாக, அமைதியாக இருக்கிறதே என்று அங்கே போவதும் வேண்டாம். மார்பிள் ஒட்டிய சின்ன அறையைவிட மோசமான இடம் வீட்டில் பாத்ரூம் மட்டும்தான்.

முதல் வேலைக்குக் காசே வேண்டாம். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு சாணிலிருந்து ஒரு சாணுக்கு வந்தால் உங்கள் நேரடிக் குரல் 6 டெசிபல் கூடுகிறது, அறையின் எதிரொலி அப்படியே இருக்கிறது. கெயினை அந்த 6 டெசிபல் குறைத்தால் அறை பின்னால் போய்விடும். நெருங்கினால் 'ப' வரும் இடத்தில் காற்று அடிக்கும், அதற்கு பாப் ஃபில்டர் போட்டு, மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் சற்று ஓரமாகத் திருப்புங்கள்.

அடுத்தது உறிஞ்சும் பொருளை வைக்கும் இடம். பெரும்பாலானவர்கள் மைக்குக்குப் பின்னால் உள்ள சுவரை மூடுகிறார்கள். சாதாரண கார்டியாய்ட் மைக் தன் முதுகுப் பக்கத்தைக் கேட்பதில்லை, உங்களையும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான் கேட்கிறது. அதனால் முதலில் உங்கள் முதுகுப் பக்கம், அடுத்து இரண்டு பக்கமும், அதற்கடுத்து தலைக்கு மேலே. மைக்கின் பின்னால் மாட்டும் வளைந்த கவசம் ஒன்று விற்கிறார்களே, அதைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். பணம் இருந்தால் வாங்கலாம், ஆனால் உங்கள் பின்னாலிருந்து வரும் எதிரொலியை அது தொடாது.

என்ன பொருள்? வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் அதுவே போதும், உண்மையாகவே நல்ல பொருள். நாளாகி இறுகியிருந்தால், பஞ்சை அடித்துத் திரும்பத் தைத்துத் தருபவரிடம் கொடுங்கள். பஞ்சு உப்பி, நாலு அங்குலத் தடிமன் வந்துவிடும். ஒற்றை மெத்தை இரண்டை அறையின் மூலையில் சாய்த்து நிறுத்தி, நடுவில் மூலைக்கு முதுகு காட்டி உட்காருங்கள். மெத்தை சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டால் இன்னும் நல்லது. ரெக்சின் உறை போட்ட மெத்தை வேண்டாம், காற்றே புகாத உறைக்குள் ஒலி எப்படிப் புகும்?

பவானி ஜமக்காளத்தை ஒற்றையாகத் தொங்கவிட்டால் 'ஸ', 'ச' போன்ற கூர்மையான ஓசைகள் மட்டும் அடங்கும். நாலாக மடித்து, சுவரிலிருந்து நாலைந்து அங்குலம் தள்ளித் தொங்கவிடுங்கள், அப்போதுதான் வித்தியாசம் தெரியும். முட்டை அட்டை, தெர்மோகோல் இரண்டையும் மறந்துவிடுங்கள். முட்டை அட்டை மெல்லிய காகிதம், சீக்கிரம் தீப்பிடிக்கும். தெர்மோகோலுக்குள் காற்று ஓட வழியே இல்லை.

"பஞ்சு வைத்த பிறகு பெட்டிக்குள் பேசுவது போல ஆகிவிட்டது"

ஒரு அங்குல ஃபோமைச் சுவரெங்கும் ஒட்டியவர்கள் சொல்லும் புகார் இது. மெல்லிய ஃபோம் மேல் ஒலிகளை மட்டும் விழுங்கிவிடுகிறது. குரலின் கீழ்ப்பகுதி பழையபடி மோதிக்கொண்டே இருக்கிறது. விளைவு, பளிச்சும் இல்லை, எதிரொலியும் போகவில்லை. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை சுமார் 3.4 மீட்டர் நீளம். ஆண் குரலின் அடித்தளம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதை ஒரு அங்குலத்தால் பிடிக்க முடியாது.

நம் வீடுகளில் பத்துக்குப் பத்து அறை சகஜம், கூரையும் பத்தடி. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றானால் அறை ஒரே சுருதியில் முழங்கும். பத்தடிக்கு அந்தச் சுருதி 56 ஹெர்ட்ஸ் அருகில், அதன் இரட்டிப்பு 112-இல். தடித்த ஆண் குரல் ஒரு குறிப்பிட்ட சுருதியைத் தொடும்போது மட்டும் 'கும்'மென்று எழுந்தால் காரணம் இதுதான். அறையின் நட்டநடுவில் உட்காராதீர்கள், எதிரெதிராக உள்ள இரண்டு சுவருக்குச் சம தூரத்திலும் உட்காராதீர்கள். இரண்டடி நகர்ந்தாலே குரல் மாறுவதைக் கேட்கலாம்.

பணம் போடத் தயார் என்றால் இங்கே போடுங்கள். கன மீட்டருக்கு 48 முதல் 64 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் (கல் நாரால் ஆன பஞ்சு) பலகை, நாலு அங்குலத் தடிமன் வருமாறு. இரண்டுக்கு நாலு அடியில் மரச்சட்டம் அடித்து உள்ளே வைத்து, மேலே காடாத் துணி போர்த்தித் தையுங்கள். துணியைத் தேர்ந்தெடுக்கும் முறை எளிது, வாயில் வைத்து ஊதினால் மூச்சு அந்தப் பக்கம் வர வேண்டும். ராக்வூலை வெட்டும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், தூள் தோலையும் மூச்சுக்குழாயையும் உறுத்தும். இப்படி நாலு பலகை, இருபது ஃபோம் பாக்கெட்டைவிட அதிக வேலை செய்யும்.

தலையை அசைக்கும்போதெல்லாம் குரலின் நிறம் மாறுகிறதா? அது அறை இல்லை, மேசை. கண்ணாடி மேசையிலோ ஸ்கிரிப்ட் வைத்த இரும்புத் தாங்கியிலோ பட்டுத் திரும்பும் ஒலி, நேரடிக் குரலோடு ஒரு மில்லி வினாடி பிந்திச் சேர்ந்து சில ஒலிகளை அழித்துவிடுகிறது. மேசையில் தடித்த துண்டு விரித்து, தாங்கியைச் சாய்த்து வைத்தால் தீர்ந்தது.

"பக்கத்தில் தறி ஓடுகிறது"

அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை பக்கம் இருப்பவர்களுக்கு இது அன்றாடப் பாடு. விசைத்தறிக் கூடத்துக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். நாடா இப்படியும் அப்படியும் அடிபடும் அந்தக் 'கடக் கடக்' ஒவ்வொரு சொல்லுக்கு நடுவிலும் வந்து நிற்கும்.

அது எந்த வழியாக வருகிறது என்று முதலில் பாருங்கள். சுவரில் காதை ஒட்டி வையுங்கள். சுவருக்குள்ளேயே அதிர்வு தெரிந்தால் தறியின் அதிர்வு தரை, சுவர் வழியாக நடந்து வருகிறது. சுவர் அமைதியாக இருந்து, ஜன்னல் பக்கம் போனால் சத்தம் கூடினால் காற்று வழியாக வருகிறது.

காற்று வழி என்றால் வேலை உங்கள் கையில். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 45 முதல் 50 டெசிபல் வரை தடுத்துவிடும், அதன் மேல் எதையும் ஒட்டத் தேவையில்லை. ஓட்டை இருப்பது கதவிலும் ஜன்னலிலும். ஏழடிக்கு மூன்றடிக் கதவின் கீழே அரை அங்குல இடைவெளி என்றால், அது கதவின் பரப்பில் 1 சதவீதம்கூட இல்லை. ஆனால் அந்தக் கதவு எவ்வளவு கனமான தேக்காக இருந்தாலும், இடைவெளி காரணமாக 20 டெசிபலுக்குச் சற்று மேல் வரைதான் தடுக்கும். கதவை மாற்றும் முன் இடைவெளியை அடைக்கச் சொல்வது இதனால்தான்.

எங்கே இடுக்கு இருக்கிறது என்று கண்டுபிடிக்க, இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நில்லுங்கள், வீட்டிலிருக்கும் யாரையாவது வெளியிலிருந்து டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். "அக்கா, இன்னும் கீழ காட்டு, அந்தச் சட்டத்தோரமா" என்று ஒவ்வொரு ஓரமாகப் போங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் சத்தமும் வரும். கதவு நிலையைச் சுற்றி ரப்பர் பீடிங், கதவின் அடியில் தரையைத் தொடும் ரப்பர் பட்டை. ஜன்னலுக்கு மேலே வென்டிலேட்டர் திறந்தே இருந்தால் கீழே எவ்வளவு அடைத்தாலும் பயனில்லை.

ஜன்னலுக்கு ஒரு அடைப்புப் பலகை செய்துகொள்ளலாம். நம் வீடுகளில் கிரில் இருப்பதால் பலகை உள்பக்கம், சுவர்க் குழிக்குள் உட்கார வேண்டும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை அளவெடுத்து வெட்டி, நான்கு ஓரத்திலும் ரப்பர் பீடிங் ஒட்டி, உட்பக்கம் ராக்வூலோ மெத்தைப் பஞ்சோ வைத்துத் துணி போர்த்துங்கள். இரண்டு கைப்பிடி மாட்டுங்கள், பலகை கனமாகவே இருக்கும், கனம்தான் அதன் பலம். கண்ணாடிக் கதவை மூடி, அதற்கும் பலகைக்கும் நடுவே நாலு அங்குலக் காற்று இடைவெளி கிடைத்தால் இன்னும் நல்லது. இப்படி அடைத்த அறையில் சேலத்துச் சித்திரை வெயிலில் தொடர்ந்து உட்காரக் கூடாது. ஏசியில் முன்கூட்டியே குளிரவைத்து, அணைத்துவிட்டு, இருபது நிமிடம் பேசி, கதவைத் திறந்து காற்று வாங்குங்கள்.

சுவர் வழி என்றால் நிலைமை வேறு. அதைத் தடுக்க அறைக்குள் தனி அறை கட்ட வேண்டும், வாடகை வீட்டில் அது ஆகாது. தறிக்கூடத்தோடு சுவர் சேராத அறைக்கு மாறுவதுதான் முதல் வழி. மைக் ஸ்டாண்டை மேசையில் பூட்டாமல் தரையில் நிறுத்தி, அடியில் தடித்த ரப்பர் மேட் போட்டு, மைக்கை ஷாக் மவுன்ட்டில் (அதிர்வு ஏறாமல் ரப்பர் நாடாவில் தாங்கும் பிடி) தொங்கவிடுங்கள். மைக்கின் முதுகைச் சத்தம் வரும் பக்கம் திருப்புங்கள். முன்பக்கத்தை இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர் கார்டியாய்ட் மைக் என்றால் முதுகை நேராகக் காட்டாமல் சற்றுக் கோணமாகக் காட்ட வேண்டும், அதன் செவிட்டுப் புள்ளி பின்பக்க ஓரங்களில் இருக்கிறது.

இதையெல்லாம்விடப் பலன் தருவது தறிக்காரரிடம் போய்ப் பேசுவது. பாவு, அதாவது தறியின் நீளவாக்கு நூல், தீர்ந்து புதிதாகப் பிணைக்கும்போது தறி நிற்கும். "அண்ணா, பாவு பிணைக்கிற நாள் முன்கூட்டியே தெரிஞ்சா சொல்றீங்களா? எனக்கு ரெண்டு மணி நேரம் சத்தமில்லாம இருந்தாப் போதும்" என்று கேட்டுப் பாருங்கள். அவர் பிழைப்பும் சத்தத்தில், நம் பிழைப்பும் சத்தத்தில். சாப்பாட்டு வேளை, பாவு மாற்றும் நேரம், நூல் வராத நாள் என்று தறி நிற்கும் வேளைகள் நிச்சயம் உண்டு. சிவதாபுரம், பனங்காடு பக்கம் கொலுசுப் பட்டறைக்கு அருகே இருப்பவர்களுக்கும் இதுவேதான். ஆனால் அங்கே வரும் தட்டல் ஓசை மேல் ஒலி, இடுக்குகளை அடைத்தாலே பெருமளவு அடங்கிவிடும்.

"எங்கேயோ உறுமுகிறது"

பைபாஸ் லாரி, ரயில், மேல்மாடியில் தண்ணீர் மோட்டார். கீழ் ஒலியைத் தடுப்பதுதான் மிகக் கடினம், நல்லவேளையாகக் குரலுக்கு அது தேவையும் இல்லை. இன்டர்ஃபேஸிலோ (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) மென்பொருளிலோ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டரைப் போடுங்கள். பெண் குரலுக்கு 100 வரை போகலாம். மிகத் தாழ்ந்த ஆண் குரலுக்கு 70-இலேயே நிறுத்துங்கள்.

"ம்ம்ம் என்று ஒரு ஹம், அல்லது கீய்ய் என்று ஒரு கீச்சு"

மைக்கை ரஜாயில் சுற்றித் துணிகளுக்கு நடுவே வைத்துப் பதிவு செய்யுங்கள். கீச்சு குறையாமல் அப்படியே இருந்தால் அது காற்றில் இல்லை, வயரில் இருக்கிறது. தாழ்ந்த ஹம்மை ரஜாய் தடுக்காது, அதற்கு இந்தச் சோதனை போதாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ஹம் 50, 100, 150 என்ற இடங்களில் வரும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் போய்விட்டால் பெரும்பாலும் எர்த்திங்தான் கோளாறு. மூன்று முனைப் பிளக்கின் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவரை பேட்டரியில் பேசுங்கள். எர்த் முனையை உடைத்து எடுத்துவிட்டால் ஹம் போகும் என்று சிலர் சொல்வார்கள், உயிருக்கு ஆபத்து, செய்யாதீர்கள். மவுஸை அசைக்கும்போது கீச்சு மாறினால் யுஎஸ்பி போர்ட்டிலிருந்து வருகிறது, வேறு போர்ட்டோ, தனி மின் இணைப்புள்ள ஹப்போ பாருங்கள். மைக் வயரை மின்சார வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் வீடு ஓடும்போது ஃபேன் முனகுவதைக் கேட்டிருப்பீர்கள், அதே முனகல் பதிவிலும் இறங்கும்.

ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுப் பேச உட்காருபவர்கள் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். வெளியே கிளம்பும்போது சாவி தேடுவீர்கள், ஃப்ரிட்ஜைப் போட மறக்கமாட்டீர்கள்.

"நாய்ஸ் ரிடக்ஷன் போட்டால் தண்ணீருக்குள் பேசுவது போல ஆகிறது"

ஒரேயடியாக 20 டெசிபல் குறைக்கச் சொல்லியிருப்பீர்கள். 6-க்கு மேல் போகாதீர்கள், அதிலும் சீரான ஓசைக்கு மட்டும். ஃபேன், ஹிஸ் போன்றவை போகும். தறியும் நாய்க் குரைப்பும் மாறிக்கொண்டே இருப்பவை, அவற்றோடு சேர்ந்து உங்கள் குரலும் கரையும். தயாரிப்பு நிறுவனத்துக்கு அனுப்புவதாக இருந்தால் சுத்தம் செய்யாத மூலப் பதிவையும் சேர்த்து அனுப்புங்கள், அவர்களிடம் நம்மிடம் இருப்பதைவிட நல்ல கருவி இருக்கும்.

"எதைச் செய்தாலும் சில நாள் முடியவே இல்லை"

ஆடி மாதம். கோட்டை மாரியம்மன் கோயில் தொடங்கி ஊரெங்கும் பண்டிகை, தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி. எந்த ஜன்னல் பலகையும் தெருமுனைக் குழாய் ஸ்பீக்கருக்கு ஈடுகொடுக்காது, அதை எதிர்க்க நினைப்பதும் சரியில்லை, அது நம் ஊர்ப் பண்டிகை. வேலையை ஒப்புக்கொள்ளும்போதே அந்த வாரங்களைத் தள்ளித் தேதி கொடுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி பொதுவாக இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. விழாக்காலத்தில் குறிப்பிட்ட சில நாள்களுக்கு நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். ஆகவே அவசர வேலை இருந்தால் அதிகாலையை நம்புங்கள்.

இன்னொரு பக்கம், பலர் சலித்துக்கொள்ளும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை குரல் கலைஞருக்குக் கிடைக்கும் பரிசு. எந்தப் பகுதியில் எந்த நேரம் என்று முன்னதாகவே செய்தித்தாளில் வந்துவிடும். தறி நிற்கும், பட்டறை மோட்டார் நிற்கும், மிக்ஸி, மோட்டார் எல்லாம் நிற்கும், ஹம்முக்கும் வழியில்லை. முந்தின இரவே லேப்டாப்பை முழுதாக சார்ஜ் செய்து, ஸ்கிரிப்டை அடையாளமிட்டுத் தயாராக இருங்கள். அக்கம்பக்கத்தில் ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்று மட்டும் முன்பே பார்த்து, அதற்கு எதிர்ப்பக்க அறையைத் தேர்ந்தெடுங்கள். மாதத்தின் மிகச் சுத்தமான பதிவு அன்றுதான் கிடைக்கும்.

"ஏற்காடு அமைதியாக இருக்கும் என்று போனேன், அங்கேயும் ஓசை"

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் லாரி உறுமல் இல்லை, உண்மைதான். அதற்குப் பதில் சில்வண்டு இருக்கிறது. அதன் ஓசை பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, நம் 'ஸ', 'ச' வாழும் அதே இடத்தில். ஃபில்டர் போட்டு எடுத்தால் சொல்லின் தெளிவும் போய்விடும். ஆனால் மேல் ஒலியைத் தடுப்பது எளிது. ஜன்னலை இறுக மூடி, திரைக்குப் பதில் இரண்டு மடிப்புக் கம்பளியைத் தொங்கவிட்டால் பெரும்பகுதி நின்றுவிடும். இருட்டிய பிறகு பூச்சி ஓசை ஏறும், அதனால் வார நாள்களில் காலை 9-லிருந்து மதியம் வரை வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழாவும் வேண்டாம், கொண்டை ஊசி வளைவுகளில் ஹாரன் ஓயாது.

தகரக் கூரை போட்ட விடுதியில் அறை எடுக்காதீர்கள். மழை தகரத்தில் விழும் சத்தத்தை உள்ளிருந்து எதைச் செய்தும் நிறுத்த முடியாது. மழை விட்ட பிறகும், காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் இலைகளிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்கும். காற்று அசைத்தால் ஒரு கொத்து சேர்ந்து விழும். கான்கிரீட் கூரையும் தாழ்ந்த உத்தரமும் உள்ள சின்ன அறை நல்லது. பழைய எஸ்டேட் பங்களாக்கள் பார்க்க அழகு, ஆனால் உயர்ந்த கூரையும் பலகைத் தரையும் குரலை இழுத்தடிக்கும், கணப்புக் குழாய் வழியாக வெளியோசை இறங்கும்.

பனியில் கன்டென்சர் மைக் (மின்னூட்டிய மெல்லிய தகட்டால் ஒலியைப் பிடிப்பது) 'பட் பட்' என்று பொரிவது உண்டு. மைக் கெட்டுப்போகவில்லை, ஈரம் ஏறியிருக்கிறது. குளிர்ந்த மைக்கை ஈரக் காற்றில் சட்டென்று வெளியே எடுத்தால் உள்ளே நீர் பூக்கும். பையை மூடியபடியே அறையில் ஒரு மணி நேரம் விட்டு, அப்புறம் திறவுங்கள். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வையுங்கள். அடிக்கடி மலைக்குப் போகிறவர்கள் ஒரு டைனமிக் மைக்கை (காந்தமும் கம்பிச் சுருளும் கொண்டது) வைத்துக்கொள்வது நல்லது, ஈரத்துக்கு அது அசையாது. இன்னொன்று, இருபது வளைவு ஏறி வந்ததும் காது அடைத்திருக்கும். அது தெளியும் முன் ஹெட்ஃபோனில் கேட்டு எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

"லாட்ஜில் இருக்கிறேன், இன்று இரவுக்குள் அனுப்ப வேண்டும்"

அறை கொடுக்கும்போதே கேளுங்கள்: "அண்ணே, ஜெனரேட்டரும் லிஃப்டும் எந்தப் பக்கம்? அதுக்கு எதிர்ப்பக்கம் கடைசி அறை இருக்கா?" சேலம் புதிய பஸ் ஸ்டாண்டு பக்கம் தங்கினால் தெருவைப் பார்த்த அறை வேண்டவே வேண்டாம். சின்ன ஃப்ரிட்ஜின் பிளக்கை எடுங்கள், பாத்ரூம் எக்ஸாஸ்டை அணையுங்கள், பாத்ரூம் கதவை மூடுங்கள். கட்டிலில் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, முதுகுக்கும் சுவருக்கும் நடுவே கூடுதல் மெத்தையை நிமிர்த்துங்கள். மைக்கின் மூன்று பக்கமும் தலையணை. துணி காயப்போடும் ஸ்டாண்ட் கிடைத்தால் அதன் மேல் ரஜாயைப் போர்த்தித் தலைக்கு மேல் கூடாரமாக இழுத்துவிடுங்கள். ஸ்கிரிப்டை போனில் ஃப்ளைட் மோடில் படியுங்கள், காகிதம் சலசலக்கும். இதற்காக ஷாட்கன் மைக் (ஒரே திசையைக் குறிவைக்கும் நீளக் குழல் மைக்) வாங்க நினைப்பவர்களுக்கு: சின்ன, வெறும் அறையில் அது எதிரொலியை விசித்திரமாக நிறம் மாற்றிக் கொடுக்கும், சாதாரண மைக்கே மேல்.

கார் இருந்தால் அதுவும் ஒரு நல்ல அறை. இருக்கைகள் எல்லாம் பஞ்சு, கதவுகளைச் சுற்றி ரப்பர் அடைப்பு தயாராக இருக்கிறது. முன்கண்ணாடிதான் குரலைத் திருப்பி அடிக்கும், அதனால் பின் இருக்கைக்குப் போய், முன் இருக்கையின் முதுகைப் பார்த்தபடி பேசுங்கள், பக்கக் கண்ணாடிகளில் கம்பளியைச் செருகுங்கள். மலையேறி வந்து நிறுத்தியதும் எஞ்சின் ஆறும்வரை 'டிக் டிக்' என்று உலோகம் சுருங்கும் ஓசை வரும், கால் மணி நேரமாவது காத்திருங்கள். மரத்தடியில் நிறுத்தாதீர்கள், இலையும் காயும் கூரையில் விழும். சேலத்தில் என்றால் காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் உள்ளே உட்கார முடியாது.

எங்கே பதிவு செய்தாலும் எழும் முன் அதே இடத்தில், அதே கெயினில், ஒரு நிமிடம் பேசாமல் ரெக்கார்ட் செய்து தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுகளை வெட்டிய இடத்தை நிரப்ப அது வேண்டும். ஊர் திரும்பிய பிறகு "ரெண்டாவது பக்கத்துல ஒரு வரி மாத்தணும்" என்று போன் வந்தாலும், வீட்டில் பேசிய புது வரியைப் பழையதோடு ஒட்டவைக்க உதவுவது அந்த ஒரு நிமிடம்தான்.